பின்னறைக் காற்று

"வீடு எப்படிம்மா ஆள நோவுல தள்ளும்?" என்று என்னைப் பார்க்க வருகிறவர்கள் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு எங்கள் கூடத்துச் சுவர்களை ஒரு சுற்றுப் பார்க்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லும்போது நான் சொல்வது மாறிப்போகிறது. கேட்பவர் சொந்தக்காரராக இருந்தால் சிலவற்றை விட்டுவிடுகிறேன், புது வீடு கட்டிக்கொண்டிருப்பவராக இருந்தால் சிலவற்றை அழுத்திச் சொல்கிறேன். அதனால் நடந்ததை ஒருமுறை முழுதாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இப்போது மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் எழுதினால் மூச்சு வாங்குவதில்லை.

என் பெயர் அமுதா. திண்டிவனத்தில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிறேன். என் வீட்டுக்காரர் குமரவேல் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். ஒரே மகள், கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். மரக்காணம் ரோட்டுப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டினோம். கூடம், சமையலறை, முன்பக்கம் ஒரு அறை, பின்பக்கம் ஒரு அறை. அந்தப் பின்னறையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

பின்னறைக்கும் பாத்ரூமுக்கும் ஒரே சுவர். வீடு கட்டி முதல் மழைக்காலத்திலேயே அந்தச் சுவரில் ஓதம் ஏறியது. இடுப்பு உயரத்துக்குப் பெயின்ட் கொப்பளித்து, தொட்டால் உதிர்ந்தது. அந்தச் சமயத்தில்தான் மயிலத்துக்குப் பக்கத்து ஊரில் இருந்த என் மாமனார் வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்ததும் அவரையும் மாமியாரையும் எங்களோடு அழைத்து வந்துவிடுவதென்று முடிவானது. பாத்ரூம் பக்கத்திலேயே இருப்பதால் பின்னறையை அவருக்கு ஒதுக்கினோம்.

என் தம்பி சேகர் வீடுகளுக்கு உள்வேலை செய்கிறவன். பிளைவுட் அலமாரி, பால்ஸ் சீலிங், சுவருக்கு அடிக்கும் பேனல் எல்லாம் அவன் தொழில். அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு, "பெரிய மாமா வந்து இந்தச் சுவத்தப் பாத்துக்கினா படுப்பாரு? நான் பண்ணித் தர்றேன்க்கா. காசு பேச்சே எடுக்காத" என்றான். எங்கள் அப்பா இல்லாததால் என் கல்யாணத்துக்குச் சரியாகச் சீர் செய்யவில்லை என்று அவனுக்கு ஒரு குறை எப்போதும் உண்டு.

ஒரு வாரம் வேலை நடந்தது. ஓதம் ஏறிய சுவர் மேல் மரத்தூள் அட்டை அடித்து, அதற்கு மேல் தேக்கு நிறத்தில் பேனல் ஒட்டினான். எதிர்ச்சுவரில் மேலிருந்து கீழ் வரை அலமாரி. கூரைக்குக் கீழே வெள்ளை சீலிங், அதில் சின்னச் சின்ன விளக்குகள். வேலை முடிந்து கதவைத் திறந்தபோது ஓட்டல் ரூம் மாதிரி இருந்தது. கண் எரிந்தது. பசை வாசனை தொண்டை வரைக்கும் இறங்கியது.

"புதுசுன்னா அப்படித்தான் இருக்கும், போவப்போவ சரியாயிடும்" என்றான்.

நான் அழுதேன். பசையின் எரிச்சலா, சந்தோஷமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் அப்படி ஓர் அறை யாருக்கும் இருந்ததில்லை.

மாமனார் அந்த அறையில் ஒரு வருஷம்கூட இருக்கவில்லை. வந்த கொஞ்ச நாளிலேயே இருமல் தொடங்கியது. வறட்டு இருமல். சாயங்காலமானால் உடம்பு சுடும், குளிருகிறது என்பார். அதனால் அந்த அறை எப்போதும் சாத்தியே இருக்கும். அவர் வாலிபத்திலிருந்து பீடி குடித்தவர். டாக்டர் அதைக் கேட்டதுமே தலையாட்டிவிட்டார். நாங்களும் தலையாட்டினோம். கடைசியில் தலையணையை அடுக்கி அதில் சாய்ந்தபடிதான் தூங்கினார். மார்கழியில் ஒரு விடிகாலை மாமியார் காபி கொண்டுபோனபோது அப்படிச் சாய்ந்த நிலையிலேயே போயிருந்தார். "பீடி தின்னுடுச்சி" என்றார்கள் வந்தவர்கள். வயசான சாவு என்று மேளம் வைத்து எடுத்தோம்.

கருமாதி முடிந்து சித்திரை வெயில் ஆரம்பித்ததும், அறை சும்மாதானே கிடக்கிறது என்று அதில் ஏ.சி. மாட்டினார் என் வீட்டுக்காரர். நாங்கள் இருவரும் அங்கே படுக்க ஆரம்பித்தோம். மாமியார் முன்னறைக்கு வந்துவிட்டார்.

எனக்கு இருமல் எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். சரியாகச் சொல்ல முடியவில்லை. ஆபீஸில் ஒரு பிராதை அடித்துக்கொண்டிருந்தேன். வக்கீல் சொல்லச் சொல்ல அடிக்க வேண்டும். நடுவில் நிறுத்தி மூச்சு விட்டுக்கொண்டேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அதுதான் எனக்கு நினைவிருக்கும் முதல் அடையாளம். பிறகு கோர்ட்டு மாடிப்படி. பிறகு தண்ணீர்க் குடம். எடை இறங்கியது. ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆனது.

உள்ளூர் கிளினிக்கில் மருந்து மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எக்ஸ்ரே எடுத்தபோது இரண்டு பக்கமும் புகை படிந்தது போல இருந்தது. காசநோயாக இருக்கலாம் என்று சளி டெஸ்டுக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை ஆபீஸில் என் டீ கிளாஸ் தனியாக ஜன்னலில் இருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அதுவாகவே அங்கே போயிருந்தது. டெஸ்டில் காசநோய் இல்லை என்று வந்தது. இருந்தும் கிளாஸ் ஜன்னலிலேயே இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து பின்னறையில் படுத்திருந்தேன். இருமல் பிடித்துக்கொண்டு விடவில்லை. சமையலறையிலிருந்து மாமியார் ஓடிவந்து வாசலில் நின்றார். கையில் வெந்நீர்ச் சொம்பு. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இன்னா அத்தை?"

"ஒண்ணுமில்ல. அவரு இருமறாருன்னு வந்தேன்" என்றார்.

அந்தச் சொம்பு என் மாமனாருக்கு வெந்நீர் கொண்டுவரும் சொம்பு. அத்தை மறந்துபோய் எடுத்து வந்திருக்கிறார். அதற்கப்புறம் அடிக்கடி வந்து வாசலில் நிற்பார். உள்ளே வரமாட்டார். ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அமுதா, நீ தப்பா எடுத்துக்காத. அதே இருமலு. நடுவுல ரெண்டு மூச்சு உட்டு, மறுபடியும் புடிச்சிக்கும் பாரு, அப்படியே அவருதான். அதே ஜுரம், அதே நேரம். அவரு இந்த ரூம உட்டுப் போவல. நீ அவரு எடத்துல படுத்துக்கினு இருக்க."

"அவருக்கு என் மேல கோவம் இல்லியே அத்தை."

"கோவமில்லம்மா. தனியா இருக்காரு. கூப்புடறாரு. வாசன வருது பாரு, உனக்குத் தெரியலியா?"

எனக்குத் தெரிந்தது. பசை வாசனை அடங்கிய பிறகு அந்த அறைக்கு வேறொரு வாசனை வந்திருந்தது. காலையில் கதவைத் திறந்ததும் முகத்தில் மோதும். நனைந்து மடிந்து கிடந்த பழைய துணி போல, மழையில் ஊறிய மண் போல ஒரு நாற்றம். மாமியார் அதை மூச்சிழுத்து, "அவரு வேட்டி வாசன" என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை.

நான் படித்தவள். ஆவி பிசாசு என்று எழுதிக்கொண்டு வரும் மனுக்களை அடித்துக்கொண்டே சிரித்தவள். ஆனால் உடம்பில் மூச்சு குறையும்போது புத்தியிலும் ஏதோ குறைகிறது. அந்த அறைக்குள் போனால் ஏதோ ஒன்று மார்பில் ஏறி உட்காருவதும், ஆபீஸுக்குப் போனால் கொஞ்சம் இறங்குவதும் எனக்கே தெரிந்தது. பக்கத்திலேயே படுத்திருந்த என் வீட்டுக்காரருக்கு ஒன்றுமே இல்லை. அப்படியென்றால் என்னை மட்டும் பிடித்திருப்பது எது? மயிலம் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டோம். மந்திரிக்கிறவர் ஒருவர் வந்து நிலைவாசலில் எலுமிச்சம்பழம் கட்டிவிட்டுப் போனார். அறைக்குள் கற்பூரமும் சாம்பிராணியும் புகைத்தார். அந்தப் புகையில் நான் மூச்சுத்திணறிச் சுருண்டு விழுந்தேன். உதடு நீலமாகிவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

ஆம்புலன்ஸில் விழுப்புரம் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் என் வீட்டுக்காரர் என் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தார். கை முழுக்கக் காயில் கம்பி கிழித்த தழும்புகள். சொரசொரவென்று இருந்தது. அந்தச் சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் நினைவோடு இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் கோட்டக்குப்பத்திலிருந்து நூர்ஜஹான் என்று ஒரு அம்மா. ஆஸ்துமா. மகன் துபாயில். நான் மூச்சுக்குத் தவிக்கும்போதெல்லாம் அவர் தன் கட்டிலிலிருந்தே, "அவசரப்படாத தங்கச்சி. ஊதறத மெதுவா ஊது, இழுக்கறது தானா வரும்" என்பார். மூச்சுத் திணறுகிறவருக்கு இழுப்பதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். வெளியே விடுவதையும் பழக வேண்டும் என்று எனக்குச் சொன்னவர் அவர்தான்.

அங்கே நான் தேறினேன். நிமோனியா, சரியாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். பஸ் ஸ்டாண்ட் வரை நானே நடந்தேன். வீட்டுக்கு வந்து, மாமியார் செய்த ரசம் சாப்பிட்டு, பின்னறையில் ஏ.சி. போட்டுப் படுத்தேன். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் குளிர் ஜுரம் வந்துவிட்டது. மார்பு இறுகியது. மாமியார் வாசலில் நின்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். என் வீட்டுக்காரர் முதல்முறையாகத் தன் அப்பாவின் படத்தைப் பார்த்து, "உட்டுடுப்பா அவள" என்றார். எனக்கு அது கேட்டது. அதற்கு மேல் எனக்கு பயம் வரவில்லை. சரி, கூப்பிட்டால் போய்விடலாம் என்றுதான் தோன்றியது. அந்த நினைப்பைத்தான் இன்றும் நினைத்து நடுங்குகிறேன்.

மறுபடியும் விழுப்புரம், மறுபடியும் அதே வார்டு. இந்த முறை நுரையீரல் டாக்டரம்மா ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். ஸ்டெதஸ்கோப்பை என் முதுகின் கீழ்ப்பக்கம் வெகுநேரம் வைத்திருந்தார். காதோரம் முடியை விரலால் தேய்த்தால் ஒரு நெரநெரப்பு கேட்குமே, என் நுரையீரலில் அந்தச் சத்தம் கேட்கிறது என்றார்.

சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். பாத்ரூம் ஜன்னலுக்கு மங்கலாகத் தேய்த்த கண்ணாடி போடுவோமே, என் நுரையீரல் படத்தில் அப்படி மங்கல் இருந்தது. அங்கங்கே மெல்லிய கோடுகள். கோடுகள் தழும்பு, மங்கல் வீக்கம் என்றார். வீக்கம் வற்றும், தழும்பு வற்றாது. பிறகு ஊதும் பரிசோதனை. மூக்கில் கிளிப் மாட்டி, ஒரு குழாயில் ஊதச் சொல்வார்கள். டெக்னீஷியன் பெண் "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்" என்று பந்தயத்தில் ஓடுகிறவரை விரட்டுவது போல விரட்டுவாள். ஊதி முடித்ததும் கண்ணில் பூச்சி பறக்கும். கடைசியாக மூக்கு வழியாக மெல்லிய குழாயை உள்ளே விட்டு, உப்புத்தண்ணீர் செலுத்தி, அதைத் திரும்ப உறிஞ்சி எடுத்துப் பரிசோதித்தார்கள். தொண்டையை மரக்க வைத்திருந்ததால் வலி இல்லை. ஆனால் தண்ணீரில் மூழ்கும்போது எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும்.

செலவைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். நகை போனது. கடையில் ஒரு மெஷின் போனது. எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

எல்லா முடிவுகளும் வந்த பிறகு டாக்டர் என் கட்டிலோரம் உட்கார்ந்து, நோயைப் பற்றிப் பேசாமல் வீட்டைப் பற்றிக் கேட்டார்.

"வீட்ல புறா, கிளி ஏதாவது வளக்கறீங்களா?"

"இல்ல மேடம்."

"எங்க இருந்தா நல்லா இருக்கு, எங்க இருந்தா மோசமா இருக்கு? யோசிச்சுச் சொல்லுங்க."

ஆபீஸில் பரவாயில்லை என்றேன். நடுவில் ஒரு காதுகுத்துக்காகக் கெடாரில் அம்மா வீட்டில் போய் இருந்தேன், அங்கே இருமலே வரவில்லை என்றேன். இங்கே ஆஸ்பத்திரியில் நன்றாக இருக்கிறது. சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டேன். அடுத்ததைச் சொன்னால் சிரிப்பார் என்று பயம். ஆனாலும் சொன்னேன்.

"எங்க வீட்ல ஒரு ரூம்ல... எங்க மாமனார் இறந்துபோன ரூம். அங்க போனாத்தான் மேடம். அவரு கூப்புடறாருன்னு அத்தை சொல்றாங்க."

அவர் சிரிக்கவில்லை. "அந்த ரூம் எப்படி இருக்கும், சொல்லுங்க" என்றார். பேனல், சீலிங், அலமாரி, பாத்ரூம் சுவர், ஓதம் எல்லாவற்றையும் சொன்னேன். மாமியார் சொன்ன வாசனையையும் சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

"அந்தப் பேனலப் பிரிச்சுப் பாக்கச் சொல்லுங்க. வாய மூக்க நல்லாக் கட்டிக்கினு பிரிக்கணும்."

என் வீட்டுக்காரரும் சேகரும் போனார்கள். மறுநாள் என் வீட்டுக்காரர் மட்டும் வார்டுக்கு வந்து போனில் படம் காட்டினார். பேனலுக்குப் பின்னால் அந்த மரத்தூள் அட்டை ஊறி, ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. அதன் மேல் சுவர் முழுக்க, தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு, கறுப்பும் சாம்பலும் பச்சையுமாகப் பூசணம். ரோமம் போல நின்றது. நாங்கள் தலை வைத்துப் படுத்த இடத்தில்தான் அதிகம்.

"கையி பட்டதும் பொகை மாரி பறக்குது" என்றார் அவர்.

டாக்டர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். அந்த அட்டை மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திச் செய்வது. பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்று ஒரு வாயு மாதக்கணக்கில் கசியும். சூட்டிலும் ஈரத்திலும் இன்னும் அதிகமாகக் கசியும். கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்புக்கு அது காரணம். ஆனால் என் நுரையீரலைக் கெடுத்தது அது மட்டுமல்ல. ஓதம் ஏறிய சுவரை மூடிவிட்டால் அது காயாது. ஈர அட்டை பூசணத்துக்குச் சோறு. பூசணத்தின் கண்ணுக்குத் தெரியாத தூள் பேனல் இடுக்குகள் வழியாக அறைக்குள் வரும். ஜன்னல் சாத்திய அறையில் அதே காற்று சுற்றிச் சுற்றி வரும். சிலருடைய உடம்பு அந்தத் தூளைப் பகையாக நினைத்துச் சண்டை போடும். சண்டை நடக்கும் இடம் நுரையீரல். எல்லோருடைய உடம்பும் சண்டை போடாது, அதனால்தான் பக்கத்தில் படுத்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. 'ஹைபர்சென்சிடிவிட்டி நிமோனைட்டிஸ்' என்று அதற்குப் பெயர். ஒவ்வாமையால் வரும் நுரையீரல் வீக்கம். ஸ்டீராய்டு மாத்திரை உண்டு. ஆனால் முதல் மருந்து, அந்தக் காற்றை விட்டு விலகுவது.

"உங்களக் கூப்பிட்டது யாரும் இல்லம்மா" என்றார் கடைசியில்.

அந்தச் சொல்லில் நான் ஆறுதலடைந்திருக்க வேண்டும். ஆனால் என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தேன். அவர் நினைப்பு எங்கே போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. என் நினைப்பும் அங்கேதான் போயிருந்தது.

அடுத்த நாள் அவர் பீரோவுக்குப் பின்னால் கிடந்த மாமனாரின் எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு வந்தார். டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எங்க அப்பா மேடம். அதே ரூமு. அவருக்கும் இதானா?"

"இந்தப் படத்த மட்டும் வச்சு சொல்ல முடியாது. ஸ்கேன் எடுக்கலியா?"

"எடுக்கல. பீடின்னு சொன்னாங்க."

"பீடியாலயும் இருக்கலாம். வயசு. படுத்த படுக்கை. இதுவும் இருந்திருக்கலாம். ஆமாம்னும் சொல்ல முடியாது, இல்லேன்னும் சொல்ல முடியாது."

என் வீட்டுக்காரர் படத்தை வாங்கி உறையில் போட்டுக்கொண்டார். உறை கிழிந்திருந்தது. அதைச் சரிசெய்வது போல வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

சேகர் வார்டுக்குள் வரவில்லை. ஆஸ்பத்திரி வரை வருவான், வெளியே புங்கமரத்தடியில் உட்கார்ந்திருப்பான், போய்விடுவான். நூர்ஜஹானம்மாதான், "உன் தம்பி மாரி இருக்கு, கீழ உக்காந்துக்கினு அழுவுது" என்று சொன்னார். சுவரைப் பிடித்துக்கொண்டு நானே இறங்கிப் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"ஏன்டா மேல வரல?"

"எந்த மூஞ்சிய வச்சிக்கினு வர்றது?"

"தெரிஞ்சா பண்ண?"

"தெரியாதுக்கா. ஓதம் அடிச்ச சுவருன்னா பேனல் போட்டு மூடிடுன்னுதான் எல்லாருமே கேக்கறாங்க. எத்தினி வீட்ல மூடியிருக்கேன் தெரியுமா? நேத்துலருந்து ஒவ்வொரு வீடா ஞாபகம் வருது. கொழந்தைங்க ரூமுகூட பண்ணியிருக்கேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பெரிய மாமா அந்த ரூம்ல இருந்துக்கினு எனக்கு ஒரு தடவ போன் பண்ணாரு. சூப்பரா இருக்குடா சேகருன்னாரு" என்றான்.

அவன் பேசும்போது நடுநடுவே தொண்டையைச் செருமிக்கொண்டான். மரத்தூளில் வேலை செய்கிறவர்களுக்கு வருவதுதான் என்று நான் வருஷக்கணக்காகக் காதில் வாங்காமல் விட்ட சத்தம். அன்றைக்குக் காதில் விழுந்தது.

டிஸ்சார்ஜ் ஆகி நான் நேராகக் கெடாருக்குப் போனேன். ஸ்டீராய்டால் முகம் உப்பியது. அகோரப் பசி. கேப்பைக் கூழும் வேகவைத்த மல்லாட்டைக் கடலையுமாகத் தின்றுகொண்டே இருந்தேன். சர்க்கரை ஏறியது, அதற்கொரு மாத்திரை. ஆனால் இருமல் ஒவ்வொரு நாளாகக் குறைந்து, ஒருநாள் நின்றே போனது. அந்தச் சமயத்தில் வீட்டில் பேனல், சீலிங், அலமாரி எல்லாவற்றையும் பிரித்து, பாத்ரூம் குழாயில் கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, சுவர்ப் பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுத்தார்கள். செய்தது சேகர்தான். வாயைக் கட்டிக்கொண்டு, தனியாக. வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லையாம்.

ஆபீஸில் வக்கீல், "கேஸ் போடலாம்மா, நுகர்வோர் கோர்ட்டுல" என்றார். யார் மேல் போடுவது? அட்டை செய்த கம்பெனி ஓதச் சுவரில் அடிக்கச் சொல்லவில்லை என்று சொல்லிவிடும். வீடு கட்டிய மேஸ்திரி எங்கே போனாரோ தெரியாது. பிரதிவாதி என்ற இடத்தில் அடிப்பதற்கு எனக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான் இருந்தது. அந்தப் பெயரை என் கையால் அடிக்க முடியாது என்றேன்.

வீட்டுக்குத் திரும்பிய அன்று பின்னறை வாசலில் நின்று பார்த்தேன். வெறும் செங்கல். ஜன்னல் திறந்திருந்தது. மாமியார் என் பின்னால் வந்து நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"அப்ப அது அவரு வாசன இல்லியா அமுதா?"

"இல்ல அத்தை. பூசணம்."

"நீ இருமனதும்..."

"என் இருமல்தான் அத்தை."

அவர் தலையசைத்தார். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு, "வூடே சத்தம் இல்லாம போச்சி" என்றார். நான் குணமாகிவிட்டேன் என்ற சந்தோஷத்தோடுதான் சொன்னார், அதில் பொய் இல்லை. ஆனால் அவர் கணவர் அவருக்கு அன்றுதான் இறந்தார் என்பது எனக்குப் புரிந்தது. அது வரை அந்த அறையில் அவர் இருமிக்கொண்டிருந்தார்.

இரண்டொரு நாள் கழித்து அவராகவே கேட்டார். "அவருக்கும் இதானா?" நாங்கள் அவரிடம் சொல்லக்கூடாது என்று பேசிவைத்திருந்தோம். என்னால் முடியவில்லை. "டாக்டருக்கே தெரியல அத்தை. இருக்கலாம்னாங்க" என்றேன். அவர் அழவில்லை. எழுந்து போய் அரிசி களைந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சேகர் கெடாரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய பையோடு வந்தான். உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, பையைக் கேட்டில் மாட்டிவிட்டு, "அக்கா, ஜாமான் இருக்கு, எடுத்துக்கோ" என்று குரல் கொடுத்தான். நான் எழுவதற்குள் மாமியார் போய்விட்டார். கேட்டைத் திறந்து அவன் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

"உள்ள வா."

"இல்ல அத்தை, வேல இருக்குது. ஜல்தியா போவணும்."

"சேகரு, அந்த ரூமு ஜன்னல சாத்தனது யாரு தெரியுமா? நான்தான். அவரு தெறந்து வையின்னுதான் சொன்னாரு. தெனமும் சொன்னாரு. குளுரு ஒத்துக்காதுன்னு நான்தான் சாத்திச் சாத்தி வச்சேன். நீயி ஒரு வாரம் வேல செஞ்ச. நான் கடைசி வரைக்கும் சாத்தினேன்."

சேகர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் உள்ளதான இருக்கேன்? சோறு தின்னுக்கினு, தூங்கிக்கினு இருக்கேன். நீ மட்டும் ஏன் வெளிய நிக்கிற? வா."

அவர் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அவன் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை. என் வீட்டுக்காரர் எழுந்து பாயை விரித்தார். நால்வரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். மாமியார் அவனுக்கு மட்டும் திரும்பத் திரும்பக் குழம்பு ஊற்றினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். நடுவில் ஒருமுறை செருமினான். நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சாப்பிடுவதை நிறுத்தினோம்.

"நாளைக்கு அமுதா டாக்டரப் பாக்க விழுப்புரம் போறா" என்றார் மாமியார். "நீயும் அவகூடப் போயி அந்தக் கொழாயில ஊதிட்டு வா."

அவன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, "எத்தினி மணி பஸ்ஸுக்கா?" என்று கேட்டான்.